மோழைக் கிடாவும் மரபணுவின் மதகும்

ஆட்டை 'ஏழையின் பசு' என்று பெரியோர் கூறுவர். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சிச் சமவெளியாயினும், சாமையும் தினையும் விளையும் கல்வராயன் மலைச் சரிவாயினும், கைச்செலவுக்கு அவசரம் நேரும்போது குடும்பத்துக்கு முதலில் உதவுவது பட்டியில் உள்ள ஆடேயாகும். பிள்ளையின் பள்ளிச் செலவு, மழை பொய்த்த ஆண்டின் விதைச் செலவு, மருத்துவச் செலவு ஆகிய இவை அனைத்துக்கும் ஒரு குட்டியைச் சந்தைக்கு ஓட்டிச் செல்வது நம் கிராமங்களில் நெடுங்கால வழக்கம். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய விலையில்லா ஆடுகள் வழங்கும் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் வழங்கப்பட்டன. நான்கு ஆடுகளைக் கொண்டு பட்டி சேர்க்க முயலும் ஒரு குடும்பத்துக்கு, பிறந்த பெட்டைக் குட்டி வளர்ந்து சினையாகாமல் நின்றுவிட்டால், அந்த நஷ்டம் சிறியதன்று.

இந்த நஷ்டத்தின் ஒரு காரணத்தை இக்கட்டுரையில் ஆராய்வோம். வெள்ளாடுகளில் கொம்பு இல்லாதவை சில பிறப்பதுண்டு. இவற்றை மோழை ஆடுகள் என்கிறோம். மோழைக் கிடா பிள்ளைகளை முட்டாது. வேலியில் கொம்பு மாட்டிக்கொள்ளாது. பட்டியில் சினையாட்டின் வயிற்றைக் குத்திக் கருவைக் கலைக்காது. ஆகவே, மோழைக் கிடாவையும் மோழைப் பெட்டைகளையும் தேர்ந்தெடுத்து, பட்டி முழுவதையும் மோழையாக்கிவிடலாம் என்று ஒரு விவசாயி எண்ணுவது இயல்பே. ஆயினும் அவ்வாறு செய்யும் பட்டியில், ஆணுமின்றிப் பெண்ணுமின்றி, ஒரு நாளும் ஈனாத குட்டிகள் பிறக்கக் கூடும். கொம்புக்கும் மலட்டுத் தன்மைக்கும் என்ன உறவு? இதற்கு விடை காண வேண்டுமானால், உயிரின் உடலில் ஒவ்வொரு திசுவும் எவ்வாறு உருவாகிறது என்பதைச் சிறிது அறிய வேண்டும்.

ஒரே சுவடி, பல திசுக்கள்

ஆடு, மாடு, பன்றி, மனிதன் யாவரும் ஒரே உயிரணுவிலிருந்து தோன்றியவர்களே. தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் கூடி ஓர் உயிரணுவாகின்றன. அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்காகப் பெருகி உடலாகிறது. ஒவ்வோர் உயிரணுவின் உள்ளேயும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அதனை ஒரு சுவடிக்கு ஒப்பிடலாம். அச்சுவடி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. எனினும் வெள்ளாட்டின் சுவடியில் ஏறத்தாழ முந்நூறு கோடி எழுத்துகள் உள்ளன. வெள்ளாட்டில் இவ்விழை 60 குரோமோசோம்களாகவும், செம்மறியாட்டில் 54 ஆகவும், பன்றியில் 38 ஆகவும் பிரிந்திருக்கிறது. இவற்றில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு.

ஆட்டின் கண்ணில் உள்ள அணுவிலும், குளம்பில் உள்ள அணுவிலும், ஈரலில் உள்ள அணுவிலும் இருப்பது ஒரே சுவடிதான். அவ்வாறாயின் கண் ஏன் கண்ணாயிற்று? குளம்பு ஏன் குளம்பாயிற்று? ஈரலில் கொம்பு ஏன் முளைப்பதில்லை?

இதற்குரிய விடை இதுதான்: எல்லா அணுவும் எல்லாப் பக்கங்களையும் படிப்பதில்லை. ஈரலில் ஈரலுக்குரிய பக்கங்கள் திறந்திருக்கும். மற்றவை மூடிக் கிடக்கும். தசையில் தசைக்குரிய பக்கங்கள் திறந்திருக்கும். ஆகவே ஒரு திசு உருவாவதற்கு, வேண்டிய மரபணுக்கள் வேலை செய்வது எவ்வளவு அவசியமோ, வேண்டாத மரபணுக்கள் வாய்மூடி இருப்பதும் அவ்வளவு அவசியம். இந்த இரண்டாவது வேலையைச் செய்யும் டி.என்.ஏ. பகுதிகளே இங்கு நாம் காணப் போகும் பொருள். இவற்றை 'அடக்கும் கூறுகள்' என்று அழைப்போம்.

மதகு அடைப்பது போல

கல்வராயன் மலையில் தோன்றிக் கீழிறங்கும் கோமுகி ஆற்றின் நீரை, கச்சிராயபாளையம் அருகே அணை கட்டித் தேக்கி வைத்திருக்கிறோம். அணையில் நீர் இருப்பது மட்டும் பயிருக்குப் போதாது. எந்த வாய்க்காலின் மதகை எப்பொழுது திறப்பது, எதனை அடைப்பது என்னும் ஒழுங்கு வேண்டும். நாற்று நட்ட வயலுக்கு நீர் வேண்டும். அறுவடைக்கு நிற்கும் வயலில் நீர் புகுந்தால் கதிர் அழுகிவிடும். ஒரு மதகு பழுதுபட்டு அடைக்க முடியாமற் போனால், அந்த வாய்க்காலின் கீழுள்ள வயல்கள் மட்டுமே கெடும். மற்ற வயல்கள் முன்போலவே விளையும். மரபணுக்களின் கதையும் இத்தகையதே.

புரதங்களை உண்டாக்கும் குறிப்புகள் டி.என்.ஏ. முழுவதிலும் ஏறத்தாழ நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் இல்லை. மீதமுள்ள பகுதியில் எங்கெங்கோ இந்த மதகுகள் அமைந்துள்ளன. அடக்கும் கூறு என்பது பெரும்பாலும் சில எழுத்துகளே கொண்ட சிறு பகுதி. அந்த எழுத்து வரிசையை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதம் ஒன்று உண்டு. அது வாய்க்காலைக் காக்கும் ஆள் போன்றது. அப்புரதம் வந்து பற்றியதும், வேறு சில புரதங்களைத் துணைக்கு அழைத்து, அவ்விடத்து டி.என்.ஏ. இழையை இறுகச் சுருட்டிவிடுகிறது. இறுகிய பகுதியைப் படிக்கும் கருவிகள் நெருங்க முடியாமையால், அம்மரபணு வாளாவிருக்கிறது. அடக்கும் கூறு தான் அடக்கும் மரபணுவின் பக்கத்திலேயே இருக்க வேண்டுமென்பதில்லை. இழை மடிந்து வளைவதால், பல இலட்சம் எழுத்துகளுக்கு அப்பாலிருந்தும் அது வேலை செய்யும். ஒரு திசுவில் அடைக்கும் மதகாயுள்ள கூறே மற்றொரு திசுவில் திறக்கும் மதகாய் இருப்பதும் உண்டு.

மரபணுவை அடக்கி வைக்கும் புரதம் உண்டு என்னும் உண்மையை, பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் ழாக்கோப், மோனோ என்னும் இரு விஞ்ஞானிகள் பாக்டீரியாவை ஆராய்ந்து 1961-இல் விளக்கினர். 1965-இல் நோபல் பரிசும் பெற்றனர். விலங்குகளில் இதற்குரிய நல்ல உதாரணம் நரம்புத் திசுவைப் பற்றியது. நரம்புக்குரிய பல மரபணுக்களின் அருகே 21 எழுத்துகள் கொண்ட ஓர் அடக்கும் கூறு உண்டு. அதனைப் பற்றிக்கொள்ளும் புரதம் ஈரல், தசை முதலிய இடங்களில் நிறைந்திருந்து, நரம்பின் மரபணுக்கள் அங்கே விழித்தெழாமல் காக்கிறது. இதனை 1995-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் கண்டறிந்தன.

பன்றித் தசையில் ஓர் எழுத்து

வெள்ளாட்டின் செய்திக்குச் செல்லுமுன், கால்நடைகளில் அடக்கும் கூறு மிகத் தெளிவாகப் பிடிபட்ட கதையைக் காண்போம். அது பன்றியைப் பற்றியது. நம் மாநிலத்தில் வெண்பன்றி என்று வளர்க்கப்படும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் இனம், காட்டுப் பன்றியைக் காட்டிலும் மிகுந்த தசையும் குறைந்த கொழுப்பும் உடையது. இதன் காரணத்தை அறிய ஸ்வீடன் நாட்டிலும் பெல்ஜியம் நாட்டிலும் விஞ்ஞானிகள் பன்றிகளைக் கலந்து ஈன வைத்துப் பல தலைமுறைகளை ஆராய்ந்தனர். 2003-ஆம் ஆண்டில் காரணம் வெளிப்பட்டது.

உடல் வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-2 என்னும் மரபணுவின் உள்ளே, புரதக் குறிப்பு எதுவும் இல்லாத ஒரு பகுதியில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அந்த எழுத்து இருந்த இடம் ஓர் அடக்கும் கூறு. எழுத்து மாறவே, காக்கும் புரதம் அங்கே பற்ற முடியாமற் போயிற்று. மதகு அடைபடாமல் நின்றது. அதன் விளைவாகத் தசையில் அம்மரபணுவின் வேலை ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. அவ்விடத்தைப் பற்றும் புரதம் இன்னதென்பது 2009-இல் தெரிய வந்தது.

இங்கே நாம் கருத்திற் கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, இந்த மாற்றம் உடல் முழுவதையும் பாதிக்கவில்லை. பிறந்தபின் தசையும் இதயமும் மாறின. ஈரலில் மாற்றம் இல்லை. தாய் வயிற்றில் இருக்கும் கருவின் தசையிலும் மாற்றம் இல்லை. எந்த வாய்க்காலின் மதகு பழுதோ அந்த வயலே மாறும் என்று மேலே கூறியதற்கு இதுவே சான்று. இரண்டாவது, இம்மரபணுவில் தாய் தந்த பிரதி பெரும்பாலான திசுக்களில் முன்னமே அடக்கப்பட்டிருக்கும்; தந்தை தந்த பிரதியே வேலை செய்யும். ஆதலால் இந்தத் தசைப் பெருக்கம் ஆண் பன்றி வழியாக வந்தால்தான் குட்டியில் தோன்றும். தாய்ப் பன்றி எவ்வளவு தசை உடையதாயினும், இம்மாற்றத்தின் பயனை அது தன் குட்டிக்கு நேரே தர இயலாது.

இதனைப் போன்றதொரு செய்தி செம்மறியாட்டிலும் உண்டு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் பின்னந்தொடைகள் மிகப் பருத்த ஒரு செம்மறிக் கிடா பிறந்தது. அதற்கும் ஓர் எழுத்து மாற்றமே காரணம் என்று 2002-இல் தெரிந்தது. மாறிய இடம், தசையில் பல மரபணுக்களைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் கூறாகும். பருத்த தொடையைக் கண்டு விவசாயிகள் மகிழ்ந்தனர். ஆனால் அந்த இறைச்சி வேகாமல் கடினமாக இருந்தமையால் வாங்குவோர் விரும்பவில்லை. ஒரு மதகைத் திறந்தால் நாம் எதிர்பாராத வயலிலும் நீர் பாயும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

கொம்பும் சினைப்பையும்

இனி நம் வெள்ளாட்டுக்கு வருவோம். மோழை ஆடுகளின் குட்டிகளில் இருபால் தன்மை கொண்டவை தோன்றுவதை 1940-களிலேயே மேல்நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கவனித்து எழுதினர். சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து பரவிய சானன் போன்ற பாலாட்டு இனங்களில் இது பெரிய தொல்லையாக இருந்து வந்தது. பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் 2001-இல் இதன் இருப்பிடத்தைக் கண்டனர். வெள்ளாட்டின் முதலாம் குரோமோசோமில், மரபணு எதுவுமற்ற ஓரிடத்தில், ஒரு துண்டு டி.என்.ஏ. விடுபட்டுப் போயிருந்தது. பின்னர் 2020-ஐ ஒட்டி நடந்த நுட்பமான ஆராய்ச்சிகளில், ஏறத்தாழ 10,000 எழுத்துகள் விடுபட்டிருப்பதோடு, அதே குரோமோசோமின் வேறிடத்துக்குரிய ஏறத்தாழ 4,80,000 எழுத்துகளின் நகல் ஒன்று அவ்விடத்தில் தலைகீழாகப் புகுந்திருப்பதும் தெளிவாயிற்று.

இவ்விடத்திலிருந்து இரண்டு மூன்று இலட்சம் எழுத்துகளுக்கு அப்பால் ஃபாக்ஸ்-எல்-2 என்னும் மரபணு இருக்கிறது. பெண் கருவில் சினைப்பை உருவாவதற்கு இது இன்றியமையாதது. இம்மரபணு செய்யும் முக்கியமான வேலைகளில் ஒன்று, விரையை உண்டாக்கத் தூண்டும் மரபணுவை அடக்கி வைப்பதாகும். அதாவது, பெண் கருவினுள்ளும் விரை உண்டாகும் வழி எழுதப்பட்டே இருக்கிறது. அந்த மதகு அடைபட்டிருப்பதால்தான் சினைப்பை சினைப்பையாக இருக்கிறது.

மோழைத் தன்மைக்குரிய மாற்றத்தை ஒரு பெண் கரு தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றுவிட்டால், அதன் சினைப்பையில் ஃபாக்ஸ்-எல்-2 எழுவதே இல்லை. காவலாள் வராத இரவில் மதகு திறந்துகொள்வது போல, விரைக்குரிய மரபணுக்கள் விழித்தெழுகின்றன. பெண்ணாகப் பிறக்க வேண்டிய குட்டியின் உடலில் விரைத் திசு வளர்கிறது. 2014-இல் வெளியான சோதனை ஒன்று இதனை ஐயமற நிறுவியது. ஃபாக்ஸ்-எல்-2 மரபணு ஒன்றை மட்டும் செயலிழக்கச் செய்தபோதும் பெண் கரு ஆண் தன்மையை அடைந்தது. ஆனால் அந்த ஆட்டுக்குக் கொம்பு முளைத்தே இருந்தது. ஆகவே கொம்பும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று காரணமல்ல. ஒரே இடத்தில் நேர்ந்த பழுது, நெற்றியில் ஒரு திசுவையும் வயிற்றில் மற்றொரு திசுவையும் மாற்றிவிடுகிறது. விவசாயியின் கண்ணுக்குத் தெரிவது நெற்றி மட்டுமே.

இத்தகைய குட்டிகள் ஒரே தோற்றமுடையவை அல்ல. சில முற்றும் கிடாவைப் போலவே இருக்கும். சில பெட்டையைப் போல் இருந்து, வளர வளர அதன் பிறப்புறுப்பில் விரற்கணு போன்ற புடைப்புத் தோன்றும். கிடாவின் வாடை வீசும். மற்ற ஆடுகளைத் தாவும். எத்தோற்றம் கொண்டிருந்தாலும் அவை இனப்பெருக்கத்துக்கு உதவா. அவற்றுக்கு மருந்து இல்லை. கோவில் நேர்த்தியாலும் நாட்டு வைத்தியத்தாலும் அது மாறாது. ஈனாத குற்றத்தைத் தீவனத்தின்மீதோ மேய்ப்பவர்மீதோ சுமத்துவதும் தவறாகும்.

கணக்குப் பார்ப்போம்

இது விதியின் விளையாட்டன்று, எளிய கணக்கு. மோழைக்குரிய பிரதி ஒன்று இருந்தாலே ஆடு மோழையாகும். கொம்புள்ள ஆட்டில் இரண்டு பிரதிகளும் கொம்புக்குரியவையே. குட்டி ஈனும் மோழைப் பெட்டை எதுவாயினும், அதனிடம் மோழைப் பிரதி ஒன்றும் கொம்புப் பிரதி ஒன்றும் இருக்கும். ஏனெனில் இரண்டும் மோழைப் பிரதியாயின் அது பெட்டையாகவே வளர்ந்திராது. மோழைக் கிடாவிடமோ ஒன்றும் இருக்கலாம், இரண்டும் இருக்கலாம்.

ஒரு பட்டியில் 40 குட்டிகள் பிறப்பதாகவும், அவற்றில் 20 பெண் கருக்கள் என்றும் கொள்வோம்.

முதலாவதாக, ஒரு மோழைப் பிரதி உள்ள கிடாவை மோழைப் பெட்டைகளோடு சேர்த்தால், பெண் கருக்களில் நான்கில் ஒன்று, அதாவது சராசரி 5 குட்டிகள், மலடாகும்.

இரண்டாவதாக, இரண்டு மோழைப் பிரதிகள் உள்ள கிடாவை மோழைப் பெட்டைகளோடு சேர்த்தால், பெண் கருக்களில் பாதி, அதாவது சராசரி 10 குட்டிகள், மலடாகும். இத்தகைய கிடாக்கள் சிலவற்றில் விந்து செல்லும் குழாய் அடைபட்டு, கிடாவே மலடாவதும் உண்டு.

மூன்றாவதாக, கொம்புள்ள கிடாவை மோழைப் பெட்டைகளோடு சேர்த்தால், குட்டிகளில் ஏறத்தாழ பாதி மோழையாகும். இக்காரணத்தால் மலடாவது ஒன்றும் இராது.

நான்காவதாக, மோழைக் கிடாவைக் கொம்புள்ள பெட்டைகளோடு சேர்த்தாலும் மலட்டுக் குட்டி பிறவாது. ஆனால் அவ்வாறு பிறந்த மோழைக் குட்டிகளைத் தமக்குள்ளேயே சேர விட்டால், அடுத்த தலைமுறையில் முதற் கணக்கு வந்து நிற்கும்.

எனவே விதி ஒன்றே: சேரும் இரண்டில் ஒன்றுக்கேனும் கொம்பு இருக்க வேண்டும். இவ்விதிக்குப் பணச் செலவு இல்லை, கருவி வேண்டியதில்லை, கண்ணும் நினைவும் இருந்தாற் போதும். மேற்கூறிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் ஐரோப்பியப் பாலாட்டு இனங்களில் நடந்தவை. எனினும், வெளியினக் கிடாக்களின் கலப்பு நம் கிராமங்களிலும் பெருகி வரும் இந்நாளில், எந்த வெள்ளாட்டுப் பட்டியிலும் மோழையோடு மோழையைச் சேர்க்காதிருப்பது நல்ல காப்பாகும்.

செம்மறிக்கும் மாட்டுக்கும் இவ்விதி இல்லை

இங்கு ஒரு எச்சரிக்கை கூற வேண்டும். கொம்பில்லாத பிராணி எல்லாம் ஐயத்துக்குரியது என்று எவரும் எண்ணிவிடலாகாது. சேலம் பகுதிக்குரிய மேச்சேரிச் செம்மறியாட்டில் கிடாவும் பெட்டையும் இரண்டுமே மோழைதாம். அவ்வினம் தலைமுறை தலைமுறையாக நன்கு ஈன்று பெருகி வருகிறது. பொட்டனேரியில் அதற்கென ஆராய்ச்சி நிலையமே உள்ளது. செம்மறியின் கொம்பைக் கட்டுப்படுத்தும் இடம் பத்தாம் குரோமோசோமில் வேறொரு மரபணுவின் அருகே இருக்கிறது. அதற்கும் சினைப்பைக்கும் இத்தகைய தொடர்பு இல்லை. ஆகவே செம்மறியில் மோழையோடு மோழையைச் சேர்ப்பதற்குத் தடை இல்லை. மாடுகளின் மோழைத் தன்மையிலும் இத்தீங்கு காணப்படுவதில்லை.

பசு இரட்டைக் கன்று ஈனும்போது, ஒன்று காளையாகவும் மற்றது கிடேரியாகவும் இருந்தால், அக்கிடேரி பெரும்பாலும் மலடாகும் என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவார்கள். அதன் காரணம் பரம்பரை அன்று. தாய் வயிற்றில் இரு கருக்களின் இரத்தக் குழாய்களும் இணைந்து, ஆண் கருவின் சுரப்புநீர் பெண் கருவினுள் பாய்வதே அதன் காரணம். விளைவு ஒன்றுபோல் தோன்றினாலும் காரணம் வேறாகலாம் என்பதற்கு இது உதாரணம். காரணம் அறியாமல் கழிப்பதும் தவறு. காரணம் அறியாமல் வைத்துக்கொள்வதும் தவறு.

பரம்பரை பாதி, பராமரிப்புப் பாதி

நல்ல கிடாவைத் தேர்ந்தால் போதும், மற்றவை தாமே நடக்கும் என்று எண்ணுவதும் கூடாது. மதகு சரியாக இருந்தும் அணையில் நீர் இல்லாவிடில் பயிர் விளையாது அன்றோ? வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். வயிற்றுக் குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறு எட்டு வாரங்களிலேயே கூடுகிறது. தசைநார்களின் எண்ணிக்கையும் பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. பிறந்தபின் அவை பருக்குமேயன்றி எண்ணிக்கையில் அதிகம் கூடுவதில்லை. ஆதலால் சினையாட்டுக்கு அகத்தி, வேலிமசால், கடலைக்கொடி முதலியவற்றோடு சிறிது அடர்தீவனமும் அளிப்பது, பிறக்கப் போகும் குட்டியின் உடலைக் கட்டுவதாகும். கோடையில் மலைச் சரிவின் மேய்ச்சல் காய்ந்து போகும் மாதங்களில் ஆடு சினையாக இருக்குமாயின் இது இன்னும் அவசியம்.

ஊராட்சி செய்யக் கூடியவை

2019-ஆம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்வராயன் மலை ஒன்றியமும் இம்மாவட்டத்தில் அடங்கியதே. மாவட்டத்தின் எல்லையை ஒட்டித் தலைவாசல் கூட்டுரோட்டில், கால்நடைகளுக்கான உயர் ஆராய்ச்சி நிலையம் ஒன்று 2021-இல் திறக்கப்பட்டது. அதனோடு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அங்கே அமைந்துள்ளது. அறிவு அருகில் வந்திருக்கிறது. அதனைப் பட்டி வரையில் கொண்டு சேர்ப்பது ஊராட்சி உறுப்பினர்களின் கையில் உள்ளது. அவர்கள் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டுகிறோம்.

ஒவ்வொரு குக்கிராமத்திலும் எத்தனை பொலிகிடாக்கள் உள்ளன, அவை கொம்புள்ளவையா மோழையா, எந்த ஊரிலிருந்து எப்பொழுது வாங்கப்பட்டன என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கலாம். இருபது இருபத்தைந்து பெட்டைகளுக்கு ஒரு கிடா போதுமாதலால், இக்குறிப்பேடு சில பக்கங்களிலேயே அடங்கிவிடும்.

ஒரே கிடா பல்லாண்டு ஒரே பட்டியில் இருந்தால், அது தன் பெண் குட்டிகளோடேயே சேர நேரும். அதனால் பல மறைந்த குறைகள் வெளிப்படும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒரு முறை அடுத்த ஊரோடு கிடாவை மாற்றிக்கொள்வது நன்று. மாற்றும்போது மேற்சொன்ன குறிப்பைப் பார்த்து, மோழைப் பெட்டைகள் மிகுந்த ஊருக்குக் கொம்புள்ள கிடாவையே அனுப்ப வேண்டும். பொதுவில் மேயும் ஆடுகளில் சேர்க்கையைத் தனித்தனியே தடுக்க முடியாதாகையால், மந்தையில் திரியும் கிடா கொம்புள்ளதாக இருப்பதே மிகவும் பாதுகாப்பு.

பொலிகிடாவுக்கு உதவாத ஆண் குட்டிகளைப் பருவமடையும் முன்பே விதையடித்துவிட வேண்டும். இருபால் தன்மை கொண்ட குட்டி பிறந்தால், உரியவர் அதனை மறைக்காமல் கால்நடை மருந்தகத்தில் காட்டி, தாய், தந்தை இரண்டின் கொம்பு நிலையையும் சொல்ல வேண்டும். அத்தகைய குட்டியை இறைச்சிக்காக வளர்த்து விற்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் உளுந்தூர்ப்பேட்டை போன்ற சந்தைகளில் அதனைப் 'பெட்டைக் குட்டி' என்று சொல்லி மற்றொரு ஏழையின் தலையில் கட்டுவது குற்றமாகும்.

அரசுத் திட்டங்களில் ஆடு பெறும் குடும்பங்கள் ஆடுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, பல்லையும் மடியையும் பார்ப்பதோடு கொம்பையும் பார்த்து வாங்குமாறு கிராம சபையில் எடுத்துரைக்கலாம். கிராம சபையில் இதனைக் கூறுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

2015-ஆம் ஆண்டு முதல் பல நாட்டு விஞ்ஞானிகள் ஒன்றுகூடி, மாடு, ஆடு, பன்றி, கோழி ஆகியவற்றின் ஒவ்வொரு திசுவிலும் எந்த மதகு எங்கே இருக்கிறது என்று வரைபடம் வரைந்து வருகின்றனர். அந்த வரைபடம் முழுமையடையும் நாளில், கிடாவின் சிறிது இரத்தத்தைக் கொண்டே அதன் சந்ததியின் தசை, பால், கொம்பு ஆகிய பலவற்றையும் முன்கூட்டி அறிதல் எளிதாகலாம். வெள்ளாட்டின் மோழைப் பிரதியை அறியும் சோதனை இப்பொழுதே உண்டு. ஆனால் அந்த வரைபடத்துக்காக நம் விவசாயிகள் காத்திருக்க வேண்டியதில்லை. பட்டிக்குள் புதிய கிடா வரும் அன்று அதன் நெற்றியையும், அதற்குச் சேரவிருக்கும் பெட்டைகளின் நெற்றியையும் ஒரு முறை உற்று நோக்கினாற் போதும். கண்ணுக்குத் தெரியாத மதகு ஒன்று பழுதுபட்டிருந்தாலும், அதனால் வரும் நஷ்டம் அந்த ஒரு பார்வையிலேயே தடுக்கப்பட்டுவிடும்.